வாயில் லைக்கன் பிளானஸ், கூடவே சுகரும் பிரஷரும்: ஒரே நோயா, மருந்தின் வேலையா?

ஈறுகாப்பு (கேள்வி)

வணக்கம். 57 வயதுப் பெண்மணி ஒருவரின் வாய்ப் பிரச்சினை பற்றி உங்கள் கருத்து வேண்டும். லைக்கன் பிளானஸ் (உடலின் எதிர்ப்பு செல்களே மேல்தோலைத் தாக்கும் அழற்சி நோய்) என்று நினைக்கிறேன். இரண்டு கன்னங்களின் உட்புறத்திலும் வலை பின்னியது போல வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன. பஞ்சால் துடைத்தால் போவதில்லை. முன்பற்களை ஒட்டிய ஈறு பளபளவென்று சிவந்து மேல்தோல் உரிகிறது. காரம், புளிப்பு, சூடு எது பட்டாலும் எரிச்சல். தொடங்கி 7 மாதம் ஆகிறது. உடம்பில் வேறெங்கும் தடிப்போ அரிப்போ இல்லை.

9 வருடமாகச் சர்க்கரை நோய், 4 வருடமாக உயர் ரத்த அழுத்தம். மருந்துச் சீட்டில் இருப்பவை: சுகருக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி.யும் வில்டாகிளிப்டின் 50 மி.கி.யும் சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை, கிளிமெபிரைடு 1 மி.கி. காலையில்; பிபிக்கு எனலாபிரில் 5 மி.கி. இரண்டு வேளை, ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 மி.கி. காலையில். கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் பரிசோதனை) 8.1. கிளினிக்கில் எடுத்த பிபி 152/94.

என் சந்தேகங்கள்:

1. லைக்கன் பிளானஸ், சுகர், பிரஷர் மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், அந்தச் சேர்க்கைக்கு உள்ள பெயரான கிரின்ஸ்பான் சிண்ட்ரோம் என்று எழுதிவிடலாமா?
2. மருந்தாலும் இப்படி வரலாம் என்பதால் எனலாபிரிலை நிறுத்தச் சொல்லலாமா?
3. சுகர் கட்டுக்குள் வந்தால் இந்தக் கோடுகள் மறையுமா?
4. சுகர் இவ்வளவு இருக்கும்போது ஸ்டீராய்டு போடலாமா?

வாய்மருத்துவம்

முதல் கேள்விக்கு: எழுத வேண்டாம். மூன்றும் சேர்ந்து வருவது உண்மை. மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்பதற்கு ஆதாரம் போதாது. அந்தப் பெயரைச் சீட்டில் எழுதிவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும். சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று இருந்தாலும் யாரும் தேடமாட்டார்கள்.

டேவிட் கிரின்ஸ்பான் அர்ஜென்டினாவின் தோல் மருத்துவர். வாய் லைக்கன் பிளானஸ் உள்ளவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் இருப்பதை அவர் 1960களில் எழுதினார். ரத்த அழுத்தத்தையும் சேர்த்து மூன்றுக்கும் அவர் பெயர் நின்றுவிட்டது. அந்தக் காலத்து மருந்துகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுகருக்கு டால்பூட்டமைடு, குளோர்ப்ரோபமைடு. பிரஷருக்குத் தையசைடு, மெத்தில்டோபா. இவை ஒவ்வொன்றும் லைக்கன் பிளானஸைப் போலவே தோற்றம் தரும் புண்ணை வாயில் உண்டாக்கக்கூடியவை. நோய்கள் மூன்று சேர்ந்ததா, இரண்டு நோய்க்குத் தந்த மாத்திரை மூன்றாவதை வரவழைத்ததா என்று அப்போதைய கணக்கில் பிரித்தறிய வழியில்லை. இந்த ஐயம் இன்றும் தீரவில்லை.

அடுத்தது வயது. லைக்கன் பிளானஸ் வாயில் வருவது பெரியவர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்கு. நடுவயதிலும் அதற்கு மேலும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சுகரும் பிரஷரும் கூடும் வயதும் அதேதான். 60 வயதுக்காரர்கள் நூறு பேரை எந்தக் காரணத்துக்காகக் கூட்டி உட்கார வைத்தாலும் அதில் கணிசமானவர்களுக்கு இரண்டும் இருக்கும். வயதையும் பாலினத்தையும் பொருத்திப் பார்க்காத ஆய்வில் 'தொடர்பு' தானாகவே தெரிந்துவிடும்.

இதனால் தொடர்பே கிடையாது என்று சொல்லவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவற்றில் சர்க்கரை நோயாளிகளுக்கு வாய் லைக்கன் பிளானஸ் வருவது மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு என்று வருகிறது. லைக்கன் பிளானஸில் நடப்பது என்னவென்றால், சிடி8 வகை டி செல்கள் மேல்தோலின் அடி அடுக்கில் இருக்கும் செல்களைத் தாக்கி அழிக்கின்றன. டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் பொருட்கள் இதில் சுரக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதிலும் இதே பொருட்களுக்குப் பங்கு உண்டு. பொருந்தக்கூடிய விளக்கம்தான், ஆனால் எது முதலில் வந்தது என்பதை இது சொல்லவில்லை. ரத்த அழுத்தத்துக்கு நேரடித் தொடர்பு இன்னும் பலவீனமானது. அங்கே பெரும்பங்கு மாத்திரைக்குத்தான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றை மறக்கக் கூடாது: ஹெபடைடிஸ் சி. இந்த வைரஸ் தொற்று உள்ளவர்களுக்கு லைக்கன் பிளானஸும் அதிகம், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் அதிகம். இரண்டுக்கும் பொதுவான ஒரு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும், எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று. தொற்று உறுதியானால் மாத்திரையால் குணமாகும் நோய் அது. கூடவே டிஎஸ்ஹெச்சும் பாருங்கள். தைராய்டு குறைபாடும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

மூன்றாவது கேள்விக்கு: சுகர் குறைந்ததும் வெள்ளைக் கோடுகள் மறையும் என்று எதிர்பார்க்காதீர்கள், நோயாளிக்கும் அப்படி வாக்குக் கொடுக்காதீர்கள். மறையாவிட்டால் சுகர் மருந்தின் மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விடும். ஆனால் எரிச்சல் குறையும். சுகர் கூடினால் வாய் காய்கிறது, காய்ந்த வாயில் கேண்டிடா பூஞ்சை ஏறுகிறது, புண் ஆறத் தாமதமாகிறது. எரிச்சலில் ஒரு பங்கு இந்த மூன்றிலிருந்து வருவது.

மருந்துப்பெட்டி

ரெண்டாவது கேள்விய நான் எடுத்துக்கிறேன். எனலாபிரில நிறுத்தச் சொல்ற முடிவு பல் மருத்துவர் தனியா எடுக்கக் கூடாது. சுகர் உள்ளவங்களுக்கு அந்த வகை மாத்திரை பிபிக்கு மட்டும் கொடுக்கிறதில்ல. சிறுநீர்ல ஆல்புமின்ங்கிற புரதம் போச்சுன்னா கிட்னியக் காப்பாத்தக் கொடுக்கிறது. கடிதம் எழுதுங்க, அதுல காரணத்தையும் மாற்று யோசனையையும் சேர்த்தே எழுதுங்க.

சந்தேகப்பட வேண்டிய பட்டியல் இது. பிபி மருந்துல எனலாபிரில், கேப்டோபிரில் மாதிரி ஏஸ் தடுப்பான்கள், ப்ரோப்ரனலால், அட்டெனலால் மாதிரி பீட்டா தடுப்பான்கள், தையசைடு, மெத்தில்டோபா. சுகர்ல சல்ஃபோனில்யூரியா, அதாவது கிளிமெபிரைடு குடும்பம். சுகர், பிபி தவிர மத்த மருந்துல: இபுப்ரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக், அல்லோபியூரினால், ஹைட்ராக்சிகுளோரோக்வின். உங்க சீட்டுலயே எனலாபிரில், தையசைடு, கிளிமெபிரைடுன்னு மூணு இருக்கு.

மூணையும் ஒண்ணா மாத்தினா ஒண்ணும் புரியாது. முதல்ல ஒரு காலக்கோடு போடுங்க. ஒரு பேப்பர்ல மாத்திரைப் பேரு, ஆரம்பிச்ச மாதம், டோஸ் கூட்டின மாதம், பக்கத்துல வாய்ல முதல் எரிச்சல் வந்த மாதம். மருந்தால வர்ற லைக்கன் புண் சில வாரத்துலயும் வரலாம், ஒரு வருஷம் கழிச்சும் வரலாம். அதனால 'இது ரொம்ப நாளா சாப்பிடுறது, இதுவா இருக்காது'ன்னு ஒதுக்கிடாதீங்க. ஆனா எரிச்சலுக்கு முந்தின 12 மாதத்துல புதுசா வந்ததுதான் முதல் சந்தேகம்.

மாத்துறதுன்னா ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும். அப்புறம் குறைஞ்சது 3 மாசம் பொறுங்க. நிறுத்தின பிறகும் புண் ஆற வாரக் கணக்கு, சில பேருக்கு மாசக் கணக்கு ஆகும். ரெண்டு வாரத்துல மாறலைன்னு பழைய மாத்திரைக்குத் திரும்பிடுறதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. அந்த 3 மாசமும் ஸ்டீராய்டு ஜெல்லும் போட்டா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. வலி தாங்கலைன்னா போடத்தான் வேணும், அப்படின்னா ஜெல்ல நிறுத்தின பிறகு திரும்ப வருதான்னு பாருங்க.

பீட்டா தடுப்பான் யாராவது சாப்பிட்டா அதைப் பட்டுன்னு நிறுத்தவே கூடாது. நெஞ்சுவலி, படபடப்பு திரும்பி அடிக்கும். படிப்படியாத்தான் குறைக்கணும்.

மாற்றும் சும்மா கிடைக்காது. தையசைடுக்குப் பதில் அம்லோடிபின் போட்டா லைக்கன் புண் வர வாய்ப்பு குறைவு, ஆனா ஈறு வீங்கி வளரலாம். ஏற்கெனவே ஈறு உரியறவங்களுக்கு அது சிக்கல். எனலாபிரிலுக்குப் பதில் டெல்மிசார்டான் வகை கிட்னிப் பாதுகாப்பையும் தரும். அந்த வகையிலயும் லைக்கன் புண் வந்ததாப் பதிவு இருக்கு, அதனால முழுசா விடுபட்டோம்னு நினைக்க முடியாது. மாத்தின ஒண்ணு ரெண்டு வாரத்துல கிட்னி வேலையைக் காட்டுற கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கணும்.

கடைசியா, சீட்டுல இல்லாத மாத்திரை எதுவும் சாப்பிடுறாங்களான்னு தனியாக் கேளுங்க. 'வேற மாத்திரை உண்டா'ன்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்வாங்க. 'மூட்டு வலி, தலைவலி, இடுப்பு வலிக்கு என்ன போடுவீங்க'ன்னு கேளுங்க.

ஈறுகாப்பு

மிக்க நன்றி இருவருக்கும். கேட்டுப் பார்த்தேன். முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபென் 400 மி.கி., வாரத்தில் நான்கைந்து நாள், ஒரு வருடத்துக்கும் மேலாக. எனலாபிரில் 4 வருடம். ஹைட்ரோகுளோரோதையசைடு 10 மாதத்துக்கு முன் சேர்த்திருக்கிறார்கள், பிபி ஏறியது என்று. வில்டாகிளிப்டின் சேர்ந்த மாத்திரைக்கு மாறியது ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு. பயாப்சி (திசுத் துண்டுப் பரிசோதனை) எடுக்க நினைக்கிறேன். உரியும் ஈற்றிலிருந்தே எடுக்கலாமா?

மருந்துப்பெட்டி

அப்போ ஆரம்பிக்க வேண்டிய இடம் இபுப்ரோஃபென்தான். அது லைக்கன் புண்ணையும் உண்டாக்கும், பிபியையும் ஏத்தும். ஏறின பிபிக்குத் தையசைடு சேர்த்திருக்காங்க, தையசைடும் லைக்கன் பட்டியல்ல இருக்கு. ஒரு மாத்திரையோட விளைவுக்கு இன்னொரு மாத்திரை வந்த கதையா இருக்கலாம். அதைவிட அவசரம் ஒண்ணு இருக்கு: ஏஸ் தடுப்பான், தையசைடு, வலி மாத்திரை மூணும் சேர்ந்தா கிட்னி திடீர்னு பழுதாகிற ஆபத்து. வாய்ப்புண் இல்லைன்னாலும் இதை நிறுத்தித்தான் ஆகணும். வலிக்குப் பாராசிட்டமாலும் முழங்காலுக்குப் பயிற்சியும் யோசிக்கச் சொல்லுங்க. இந்த வாரமே கிரியாட்டினின் பார்க்கச் சொல்லி எழுதுங்க.

பிபிய கிளினிக்ல ஒரு தடவை எடுத்ததை வச்சு முடிவு பண்ண வேண்டாம். வாய் எரிச்சலோட நாற்காலில உட்கார்ந்தவங்களுக்கு ஏறித்தான் இருக்கும். வீட்டுல ஒரு வாரம், காலையும் மாலையும் ரெண்டு ரெண்டு தடவை, 5 நிமிஷம் உட்கார்ந்த பிறகு எடுத்து, முதல் நாள் அளவை விட்டுட்டு சராசரி பார்க்கலாம். அது 135/85க்கு மேல இருந்தாத்தான் மருந்து போதலைன்னு அர்த்தம்.

நுண்ணோக்கி

நோய்க்குறியியல் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். பயாப்சி அவசியம். கன்னத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலைக்கோடு மட்டும் இருந்தால் கண்ணால் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இங்கே ஈறு உரிகிறது. உரியும் ஈறு லைக்கன் பிளானஸுக்கு மட்டும் சொந்தமானதில்லை. சளிச்சவ்வு பெம்பிகாய்டு, பெம்பிகஸ் வல்காரிஸ் என்ற இரண்டு கொப்புள நோய்களும் இப்படியே தொடங்கும்.

மருந்துச் சீட்டில் வில்டாகிளிப்டினைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது பெம்பிகாய்டுதான். கிளிப்டின் வகை மருந்துகள் புல்லஸ் பெம்பிகாய்டு எனப்படும் கொப்புள நோயைத் தூண்டுவது நன்றாகப் பதிவான விஷயம். வில்டாகிளிப்டின் அதில் முன்னணியில் இருக்கிறது. வாயிலும் அது தெரியலாம். லைக்கன் என்று முடிவுகட்டி ஸ்டீராய்டு ஜெல் கொடுத்தால் ஓரளவு குறையும், நோய் தப்பித்துவிடும். பெம்பிகாய்டு கண்ணைத் தொட்டால் பார்வை போகும் அளவுக்கு வடு உண்டாகும் என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கண் சிவத்தல், உறுத்தல் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

எடுக்கும் முறை: ஈறு நல்ல இடமில்லை. பற்படிமத்தால் வரும் அழற்சி எல்லாவற்றையும் மறைத்துவிடும். கன்னத்தில் வெள்ளைக் கோடும் சிவப்பும் சந்திக்கும் இடத்தில் 5 மி.மீ. பஞ்ச் ஒன்று, இது ஃபார்மலினில். புண்ணின் நடுவே எடுக்காதீர்கள், அங்கே மேல்தோலே இருக்காது, எங்களுக்குப் படிக்க ஒன்றும் மிஞ்சாது. நேரடி இம்யூனோஃபுளோரசன்சுக்கு (திசுவில் எதிர்ப்பொருள் படிந்த இடத்தை ஒளிரவைத்துப் பார்க்கும் பரிசோதனை) இன்னொரு துண்டு, புண்ணை ஒட்டி ஆனால் உரியாத இடத்திலிருந்து. இது மைக்கேல் கரைசலில். இரண்டாவது துண்டைத் தவறி ஃபார்மலினில் போட்டுவிட்டால் அந்தப் பரிசோதனை அவ்வளவுதான், மறுபடி எடுக்க வேண்டிவரும். மேல்தோலை இடுக்கியால் பிடிக்காதீர்கள், அடியிலிருந்து கழன்றுவிடும். ஸ்டீராய்டு ஜெல் போட்டுக்கொண்டிருந்தால் முடிந்தவரை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு எடுங்கள்.

லைக்கனில் மேல்தோலைத் தாங்கும் அடிச்சவ்வை ஒட்டிப் பட்டை போல லிம்போசைட் கூட்டம், சிதைந்த அடிச்செல்கள், ஃபுளோரசன்சில் ஃபைப்ரினோஜன் அடிச்சவ்வு நெடுகப் பிசிறு பிசிறாக. பெம்பிகாய்டில் அடிச்சவ்வு நெடுகக் சீரான கோடு இழுத்தது போல ஐஜிஜி எதிர்ப்பொருள், சி3 புரதம். பெம்பிகஸில் செல்களுக்கு இடையே வலை போல ஐஜிஜி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: மருந்தால் வந்த லைக்கன் புண்ணையும் தானாக வந்த லைக்கன் பிளானஸையும் நுண்ணோக்கியால் உறுதியாகப் பிரிக்க முடியாது. இயோசினோஃபில், பிளாஸ்மா செல் கலந்திருந்தால், ரத்தக் குழாய்களைச் சுற்றி ஆழத்தில் செல்கள் சேர்ந்திருந்தால் சந்தேகத்தை எழுதுவோம். தீர்மானிப்பது உங்கள் காலக்கோடுதான், அதனால் மாத்திரைப் பட்டியலைப் பயாப்சித் தாளிலேயே எழுதி அனுப்புங்கள். பல்லில் வெள்ளி நிற அமால்கம் அடைத்திருந்து, புண் அதை ஒட்டியே இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். அது வேறு வகை, அடைப்பை மாற்றினால் பெரும்பாலும் ஆறும்.

வாய்மருத்துவம்

சிகிச்சைக்கு வருவோம். நான்காவது கேள்விக்குப் பதில்: மேலே பூசும் ஸ்டீராய்டு தாராளமாகப் போடலாம், விழுங்காமல் துப்பிவிட்டால் சுகர் பெரிதாக ஏறாது. கன்னத்துக்கு டெக்சாமெத்தசோன் 5 மி.லி.க்கு 0.5 மி.கி. உள்ள திரவம், ஒரு முறைக்கு 5 மி.லி., 3 முதல் 5 நிமிடம் வாயில் வைத்துத் துப்ப வேண்டும், நாளுக்கு 3 அல்லது 4 முறை. ஈற்றுக்கு குளோபெட்டசால் 0.05 சதவீத ஜெல். ஈரத்தில் ஜெல் ஒட்டாது. எச்சிலைத் துடைத்துவிட்டு மெல்லிய படலமாகப் பூச வேண்டும். நிற்கவில்லையென்றால் பற்களுக்கு அளவெடுத்து மென்மையான டிரே செய்து, அதன் விளிம்பில் ஜெல் வைத்து 15 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. எதுவானாலும் பிறகு அரைமணி நேரம் சாப்பாடு, தண்ணீர் கூடாது. 'பலன் இல்லை' என்று வருபவர்களில் பலர் பூசியவுடன் தண்ணீர் குடிப்பவர்கள். இரண்டு மூன்று வாரத்தில் எரிச்சல் அடங்கியதும் ஒரு வேளையாக, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறையுங்கள். வலியில்லாத வெள்ளைக் கோட்டுக்கு மருந்தே தேவையில்லை.

சுகர் உள்ளவருக்கு ஸ்டீராய்டு போட்டால் கேண்டிடா வரும் என்று எண்ணியே தொடங்குங்கள். இங்கேதான் பெரிய கண்ணி இருக்கிறது. பூஞ்சைக்குத் தரும் மைக்கோனசோல் வாய் ஜெல்லும் ஃப்ளூகோனசோல் மாத்திரையும் கிளிமெபிரைடு உடைந்து வெளியேறுவதைத் தடுக்கும். ரத்தத்தில் கிளிமெபிரைடு கூடி சுகர் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். வாயில் பூசும் ஜெல்தானே என்று நினைத்துவிடாதீர்கள். இவருக்கு நிஸ்டாட்டின் திரவம் பாதுகாப்பு: மி.லி.க்கு 1 லட்சம் யூனிட் உள்ளதில் 4 மி.லி., நாளுக்கு 4 முறை. பல தயாரிப்புகளில் இனிப்புச் சேர்த்திருப்பார்கள், காய்ந்த வாயில் பற்சொத்தைக்கு அது வழி, லேபிளைப் பாருங்கள். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பும் கொடுத்தால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது அரைமணி இடைவெளி வேண்டும், சேர்ந்தால் நிஸ்டாட்டின் செயலிழக்கும்.

சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத, காரமான புதினாவும் இலவங்கப்பட்டைச் சுவையும் இல்லாத டூத் பேஸ்ட் கொடுங்கள். ஈறு எரிகிறதென்று பல் துலக்காமல் விடுவார்கள், படிமம் சேரும், ஈறு இன்னும் உரியும். மிக மென்மையான பிரஷ் கொடுத்து, சுத்தம் செய்வதை நீங்களே தொடங்கி வையுங்கள். உரசும் பல் முனை, ஆடும் பல்செட் இருந்தால் சரிசெய்யுங்கள். உரசல் படும் இடத்தில் புதிய லைக்கன் எழும்.

நாக்கு மட்டும் சிவந்து எரிந்தால் பி12 பாருங்கள். 9 வருட மெட்ஃபார்மினில் பி12 குறைவது சகஜம், அதன் எரிச்சலை லைக்கன் கணக்கில் எழுதிவிடுவோம்.

ஈறுகாப்பு

ஒன்று மட்டும் மிச்சம். ஜெல்லுக்கு அடங்காமல் மாத்திரையாக ஸ்டீராய்டு வேண்டியிருந்தால்? அதற்கு மாற்றாகத் தரும் டாப்சோன் மாத்திரை பற்றியும் படித்தேன்.

மருந்துப்பெட்டி

பிரெட்னிசோலோன் தேவைப்பட்டா கிலோவுக்கு 0.5 மி.கி. அளவுல, காலைல ஒரே வேளையா, ஒண்ணு ரெண்டு வாரம். சுகர் டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு ஆரம்பிங்க. காலைல போட்டா சுகர் ஏறுறது மதியத்துக்கு மேல, சாயங்காலம்தான் உச்சம். காலை வெறும் வயித்துல பார்த்தா சரியாவே இருக்கும், எல்லாரும் ஏமாறுற இடம் அது. மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழிச்சும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடியும் பார்க்கச் சொல்லுங்க. பிபியும் ஏறும். இன்னொரு மாற்றான சைக்ளோஸ்போரின் மாத்திரை பிபியையும் கிட்னியையும் இன்னும் அதிகமாப் பாதிக்கும், இவங்களுக்கு வேண்டாம்.

டாப்சோன் குடுத்தா சிவப்பணு சீக்கிரம் உடையும், அதனால ஹெச்பிஏ1சி பொய்யாக் குறைஞ்சு காட்டும். 8.1 இருந்தது 6க்கு வந்துடுச்சுன்னு மருந்தைக் குறைச்சுடுவாங்க, உண்மையான சுகர் அப்படியே இருக்கும். டாப்சோன் நடக்கிற வரைக்கும் விரல் நுனி சுகரை வச்சுத்தான் முடிவு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஜி6பிடி பரிசோதனை (சிவப்பணு உடையாமக் காக்கிற என்சைம் போதுமா இருக்கான்னு பார்க்கிறது) கட்டாயம்.

நுண்ணோக்கி

பயாப்சி லைக்கன் என்றே வந்தாலும் இவரை 6 மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லுங்கள். புற்றாக மாறுவது நூற்றில் ஒருவர் அளவில்தான், ஆனால் புண்ணாகும் வகை, நாக்கு ஓரம், புகையிலை, மது, ஹெபடைடிஸ் சி இருந்தால் ஆபத்து கூடுதல். ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். தடித்த திட்டோ, 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, விரலால் தொட்டால் கெட்டியாக இருப்பதோ தெரிந்தால் பழைய அறிக்கையை நம்பாமல் அந்த இடத்திலிருந்தே மறுபடி ஒரு துண்டு அனுப்புங்கள்.